வினாக்குறி இல்லாத வினா: மார்வின் கேயின் ஓர் இசைத்தட்டு



கவிஞர்கள் கூடும் இடங்களில் தவறாமல் எழும் விவாதம் ஒன்று உண்டு. நாட்டின் துயரைப் பாட முற்படும் கவிதை ஏன் பெரும்பாலும் முழக்கமாக முடிந்துவிடுகிறது என்பதே அது. போரையும் வறுமையையும் அடக்குமுறையையும் கண்டு கொதிக்கும் நெஞ்சம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் கொதிப்பு சொல்லாக இறங்கும்போது மேடைப் பேச்சின் குரலைப் பூண்டுகொள்கிறது. ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டிய கவிதை ஊரைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறது.

இந்தச் சிக்கலை வேறொரு கலையில், வேறொரு நாட்டில், ஒரு பாடகர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். அவர் அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர் மார்வின் கே. 1971ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அவருடைய எல்.பி. இசைத்தட்டின் பெயர் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. 'என்ன நடந்துகொண்டிருக்கிறது' என்று அதைத் தமிழில் சொல்லலாம். சொற்கள் வினாவாக அமைந்திருந்தும் உறையில் அச்சிடப்பட்ட தலைப்பில் வினாக்குறி இல்லை. கேட்பவனே திகைத்து நிற்பதையும், நடப்பது இதுதான் என்று சுட்டிக்காட்டுவதையும் அந்தத் தலைப்பு ஒருங்கே செய்கிறது. தட்டின் இயல்பு முழுவதும் இந்த இரட்டை நிலையில் அடங்கியிருக்கிறது எனலாம்.

தொழிற்சாலையும் பாட்டும்

சோல் இசை என்பது கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் அவர்களுடைய தெருவின் தாள இசையும் கலந்து 1950களில் உருவானது. இறைவனை நோக்கி உருகிய அதே குரல் காதலனையோ காதலியையோ நோக்கி உருகத் தொடங்கியபோது அது பிறந்தது. மார்வின் கே 1939 ஏப்ரல் 2ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். சிறு பருவத்திலேயே தேவாலயத்தில் பாடினார். வீட்டில் தந்தையின் கண்டிப்பு அடியும் உதையுமாக இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்துள்ளன. பக்தியும் அச்சமும் ஒரே மனிதரிடமிருந்து கிடைத்த பிள்ளைப் பருவம் அது.

அவர் சேர்ந்த இசை நிறுவனமான மோட்டவுன், மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் இருந்தது. அதை 1959இல் நிறுவிய பெர்ரி கோர்டி முன்னர் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வெறும் இரும்புச் சட்டம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் பளபளக்கும் வண்டியாக வெளிவருவதைக் கண்ட அவர், பாட்டையும் அவ்வாறே உருவாக்கலாம் என்று கருதினார். எழுதுபவர் ஒருவர், இசை அமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். பாடல்களைத் தேர்ந்தெடுக்கத் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் ஒன்றும் இருந்தது. ஏழைத் தெருக்களின் பிள்ளைகளை உலகப் புகழுக்கு உயர்த்திய ஏற்பாடு இது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பாடகர் தம் மனத்தில் உள்ளதைத் தாமே எழுதிப் பாடுவதற்கு அங்கே இடம் குறைவு. பத்தாண்டுக் காலம் மார்வின் கே அங்கே காதல் பாடல்களின் நாயகனாக விளங்கினார்.

துயர் வந்த வழி

அந்த நாயகனை உலுக்கிய துயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருடன் இணைந்து பாடிப் பெரும்புகழ் பெற்ற டாமி டெரல் 1967இல் மேடையிலேயே அவர் கைகளில் மயங்கிச் சாய்ந்தார். மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. 1970 மார்ச் 16ஆம் நாள், தமது 24ஆம் வயதில் அவர் மறைந்தார். மார்வின் கே மேடையை விட்டு விலகினார். அவருடைய தம்பி பிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்தார். களத்திலிருந்து தம்பி எழுதிய கடிதங்களும், திரும்பிய பின் வீட்டில் சொன்ன செய்திகளும் அண்ணனை வாட்டின. டெட்ராய்ட் நகரம் 1967 ஜூலையில் எரிந்த வடு அப்போதும் ஆறவில்லை. அந்தக் கலவரத்தில் 43 பேர் மாண்டிருந்தனர்.

இந்த நிலையில்தான் ஒரு பாடலின் கரு அவரிடம் வந்து சேர்ந்தது. 'போர் டாப்ஸ்' குழுவின் ரெனால்டோ பென்சன், 1969 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பூங்கா ஒன்றின் பொருட்டுத் திரண்ட இளைஞர்களைக் காவல்துறையினர் தாக்கியதைக் கண்டவர். அந்தக் கலக்கத்தை அவர் அல் கிளீவ்லாண்டுடன் சேர்ந்து பாடலாக்கினார். பென்சனின் குழுவினரோ அது எதிர்ப்புப் பாடல் என்று தயங்கினர். பென்சன் அதை அன்பின் பாடல் என்றே கருதினார். மார்வின் கே அதைப் பெற்றுச் சொற்களைச் சேர்த்து, மெட்டைச் செப்பம் செய்து, தம் வீட்டின் பாடலாக மாற்றிக்கொண்டார். எதிர்ப்புப் பாடலா, அன்பின் பாடலா என்ற அந்த ஐயம் கடைசிவரை தீரவில்லை. தீராமல் இருந்ததே தட்டின் பேறு.

அம்மா, தம்பி, அப்பா

தலைப்புப் பாடலைக் கேட்பவர் முதலில் கேட்பது பாட்டை அல்ல. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் நண்பர்கள் ஒருவரை ஒருவர் வரவேற்று நலம் கேட்கும் ஆரவாரமே முதலில் செவியில் விழுகிறது. அந்தக் குரல்களில் டெட்ராய்ட் லயன்ஸ் கால்பந்து அணியின் வீரர்களான மெல் பார், லெம் பார்னி ஆகியோருடைய குரல்களும் உண்டு. ஆரவாரத்தின் மேல் ஒரு ஸாக்ஸபோன் எழுகிறது. ஈலை பாண்டெய்ன் என்ற கலைஞர் பயிற்சிக்காக வாசித்துப் பார்த்ததையே மார்வின் கே போதுமென்று எடுத்துக்கொண்டார் என்று சொல்வர். அதன் பிறகே குரல் நுழைகிறது.

அந்தக் குரல் யாரை விளிக்கிறது என்பதைக் கவிஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். அரசையோ, குடியரசுத் தலைவரையோ, மக்களையோ அது விளிக்கவில்லை. முதலில் தாயை விளிக்கிறது. பின்னர் உடன்பிறந்தவனை விளிக்கிறது. அதன்பின் தந்தையை விளித்து, பகையைப் பெருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறது. அழும் தாய்மார்களும் மாளும் பிள்ளைகளும் செய்தியாக வரவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டாரிடம் சொல்லும் பேச்சாக வருகின்றனர். போர் புறத்தைச் சேர்ந்தது. விளியோ அகத்தைச் சேர்ந்தது. புறப்பொருளை அகத்தின் விளியில் ஏற்றியதுதான் இந்தப் பாடலின் முதல் வெற்றி. ஊரை விளிக்கும் குரல் உயர்ந்தே ஆக வேண்டும். தாயை விளிக்கும் குரலுக்கு உயர வேண்டிய தேவையில்லை. ஆகவே போரைப் பற்றிய இந்தப் பாடலில் ஓரிடத்திலும் கூச்சல் இல்லை.

இரண்டாவது வெற்றி குரலின் பெருக்கம். ஒரே வரியை மார்வின் கே இருமுறை, இருவேறு பாவத்தில் பாடி வைத்திருந்தார். எது சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒலிப்பதிவாளர் இரண்டையும் எடுத்தபோது, தவறுதலாக அவை ஒன்றாக ஒலித்தன என்று கூறப்படுகிறது. ஒன்றைத் தேர்ந்து மற்றதை நீக்குவதே வழக்கம். அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார். அன்று முதல் தம் குரலோடு தம் குரலையே சேர்த்துப் பாடுவது அவருடைய தனி முறையாயிற்று. ஒரு குரல் கெஞ்சும்போது மற்றது ஆறுதல் சொல்கிறது. ஒன்று சொல்லை முடிக்கும் முன்பே மற்றது அதை வேறுவிதமாகத் தொடங்குகிறது. ஒரு மனிதன் தன்னோடு தானே வாதாடுவதைக் கேட்கும் உணர்வு எழுகிறது. முழக்கத்துக்கு ஒரே குரல்தான் இருக்க முடியும். தனக்குத்தானே மறுமொழி கூறிக்கொள்ளும் குரல் முழக்கமாக மாற இயலாது.

இக்குரல்களுக்கு அடியில் ஓடும் பேஸ் கிடாரைத் தனியே குறிப்பிட வேண்டும். அதை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டியவர். அவரை ஒரு மதுக்கூடத்திலிருந்து அழைத்துவந்தனர் என்றும், நாற்காலியில் அமர இயலாத நிலையில் தரையில் கிடந்தவாறே வாசித்தார் என்றும் செய்தி பலமுறை பதிவாகியுள்ளது. கேட்பவருக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியாது. குரல் தயங்கும் இடத்தில் நடந்தும், குரல் ஓடும் இடத்தில் நின்றும், உடன்வரும் இன்னொரு மனம்போல அந்த இசை ஒலிக்கிறது. மோட்டவுன் தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அதுவரை அச்சாவதில்லை. இந்தத் தட்டின் உறையில்தான் அவை இடம்பெற்றன. ஜேமர்சன் 1983இல் மறைந்தார். பிறர் பெயரில் வெளிவந்த எத்தனையோ பாடல்களைத் தாங்கி நின்ற கலைஞர்களுக்கு அந்தச் சிறிய அச்செழுத்துகள் பெரிய பொருள் உடையவை.

இடைவெளி இல்லாத பாட்டு

தட்டில் ஒன்பது பாடல்கள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடங்கள். டேவிட் வான் டிபிட்டின் வாத்திய அமைப்பில், 1971 மார்ச்சில் சுமார் பத்து நாள்களுக்குள் பெரும்பகுதி பதிவாயிற்று. முதற்பக்கத்தின் ஆறு பாடல்களும் ஒன்று முடியுமிடத்தில் அடுத்தது தொடங்குமாறு இடைவெளியின்றிக் கோக்கப்பட்டுள்ளன. போரிலிருந்து திரும்பிய ஒருவன் தன் ஊரைப் பார்க்கும் பார்வையாக இதைக் கொள்ளலாம்.

இரண்டாம் பாடலில் அந்தச் சிப்பாய் பெரிய கேள்வி எதையும் கேட்பதில்லை. உள்ளூர் ஆட்டக்குழு இம்முறை வெல்லுமா, இளைஞர்கள் இப்போது எங்கே நடனமாடுகிறார்கள் என்று விசாரிக்கிறான். கூடவே, வேலை கிடைக்கவில்லை என்கிறான். போரின் கொடுமையை விவரிக்கும் நூறு வரிகள் செய்ய இயலாததை இந்தச் சிறு விசாரிப்புகள் செய்துவிடுகின்றன. அவன் இல்லாதபோதும் ஊர் தன்பாட்டில் நடந்திருக்கிறது என்ற உண்மை கேட்பவரின் நெஞ்சில் தைக்கிறது. மூன்றாம் பாடல் போதைக்கு அடிமையானவனின் பாடல். அக்காலத்து விமான நிறுவன விளம்பரம் ஒன்றை நினைவூட்டும் தலைப்பைக் கொண்டது. வானில் பறப்பதாக எண்ணிக்கொண்டு தரையில் அழிபவனை மெல்லிய உச்சக்குரலில் பாடுகிறார். இசையின் இனிமையே அங்கே அச்சம் தருகிறது.

முதற்பக்கத்தின் கடைசியில் வருவது 'மெர்சி மெர்சி மீ'. நஞ்சு கலந்த காற்றையும், எண்ணெய் படிந்த கடலையும், மீனின் உடலில் சேர்ந்த பாதரசத்தையும் எண்ணி இரங்கும் பாடல் இது. அமெரிக்காவில் முதல் பூமி நாள் 1970 ஏப்ரலில்தான் கொண்டாடப்பட்டிருந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல் பாட்டுக்குள் வரும் என்று எவரும் எதிர்பாராத காலம். மெட்டோ தாலாட்டுப்போல இனிமையானது. ஆனால் முடியுமிடத்தில் அந்த இனிமை திடீரென்று விலகி, சேர்ந்திசைக் குரல்கள் எங்கோ இருட்டுக்குள் இறங்குகின்றன. அந்த இருட்டில் முதற்பக்கம் நின்றுவிடுகிறது. அன்று கேட்டவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அந்தச் சில நொடி மௌனமும் படைப்பின் பகுதியாயிற்று. இன்று கைபேசியில் ஒரு பாடலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பவருக்கு இந்த இணைப்புகளும் கிடைப்பதில்லை, அந்த மௌனமும் கிடைப்பதில்லை. தொகுப்பிலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றைக் கவிதைக்கு நேரும் இழப்பே இதற்கும் நேர்கிறது.

இரண்டாம் பக்கத்தின் இறுதிப் பாடலான 'இன்னர் சிட்டி புளூஸ்' நகரத்தின் நடுவே சிக்கிக்கொண்ட ஏழையின் பாடல். நிலவுக்கு விண்கலம் அனுப்பும் நாட்டில் வரியும் விலையும் தன் கழுத்தை நெரிப்பதை அவன் கணக்குப் பார்க்கிறான். தாளம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியேற வழி இல்லை என்பதைத் தாளமே சொல்லிவிடுகிறது. அந்தச் சுழற்சி ஓயும் வேளையில் தலைப்புப் பாடலின் தொடக்க விளி மீண்டும் ஒலிக்கிறது. ஒன்பது பாடல்களின் வழியே நடந்துவந்த மகன் மறுபடியும் தாயைத்தான் அழைக்கிறான். விடை எதுவும் கிடைக்கவில்லை. கேள்வி மட்டும், தன் வழியில் கண்ட அனைத்தையும் சுமந்துகொண்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது.

குறைகளும் உண்டு

போற்றுதலால் மட்டும் ஒரு படைப்பைப் புரிந்துகொள்ள இயலாது. இத்தட்டில் தளரும் இடங்களும் உண்டு. குழந்தைகளைக் காக்கக் கோரும் நான்காம் பாடலில் முதலில் பேச்சாக வரும் வரியே பிறகு பாட்டாகவும் வருகிறது. பேசும் குரல் தலைப்புப் பாடலின் அடக்கத்தை மறந்து, உபதேச மேடையை நெருங்கிவிடுகிறது. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ரைட் ஆன்' தாளத்தின் மயக்கத்தில் சொல்லின் செறிவை இழக்கிறது. அன்பே அனைத்துக்கும் மருந்து என்ற முடிவை ஓரிரு இடங்களில் மிக எளிதாக எட்டிவிடுகிறது. கேள்வியாக நிற்கும்போது வலுவாக இருக்கும் பாட்டு, விடை சொல்லத் தொடங்கும்போது வலுவிழக்கிறது. கவிஞர்களுக்குப் பயன்படும் பாடம், தட்டின் சிறப்புகளில் இருக்கும் அளவுக்கு இந்தத் தளர்ச்சிகளிலும் இருக்கிறது. ஆயினும் 'ஹோலி ஹோலி' என்ற வேண்டுதல் பாடலை அரேத்தா பிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தேவாலயம் ஒன்றில் பாடிப் பதிவு செய்தார். தேவாலயத்திலிருந்து புறப்பட்ட குரல் தேவாலயத்துக்கே திரும்பிய நிகழ்ச்சி அது.

தடையும் வெற்றியும்

தலைப்புப் பாடல் 1970ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. நிறுவனத் தலைவர் பெர்ரி கோர்டிக்கு அது பிடிக்கவில்லை. காதல் பாடகர் அரசியல் பாடினால் கேட்போரை இழப்பார் என்பது வணிகரின் கணக்கு. அந்தப் பாடல் வெளிவரும்வரை வேறெதையும் பதிவு செய்வதில்லை என்று மார்வின் கே உறுதியாக இருந்தார். 1971 ஜனவரியில் தனித்தட்டாக வெளிவந்த பாடல், கறுப்பின இசை வரிசையில் முதலிடத்தையும், பொது வரிசையில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. அதன் பின்னரே முழுத் தட்டுக்கு வழி பிறந்தது. 'மெர்சி மெர்சி மீ', 'இன்னர் சிட்டி புளூஸ்' ஆகியவையும் பொது வரிசையில் முறையே நான்காம், ஒன்பதாம் இடங்களை அடைந்தன. மக்கள் துயரைக் கேட்க விரும்ப மாட்டார்கள் என்ற கணக்கு பொய்த்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2003இல் இத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்தது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2020இல் வெளியிட்ட, எக்காலத்துக்குமான 500 இசைத்தட்டுகளின் வரிசையில் இதற்கு முதலிடம் தந்தது.

மறைந்தவரின் குரல்

இத்தட்டை இன்று கேட்பவருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. 1984 ஏப்ரல் 1ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பெற்றோர் வாழ்ந்த வீட்டில், மார்வின் கே தந்தையின் கையால் சுடப்பட்டு மாண்டார். மறுநாள் அவருக்கு 45 வயது நிறைவடைந்திருக்கும். இதை அறிந்த பின், பகை வேண்டாம் என்று தந்தையை விளிக்கும் அந்த இடம் வரும்போது கேட்பவர் நடுங்காமல் இருப்பது கடினம். பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே மகன் மன்றாடிவிட்டான், தந்தையின் செவியில் அது ஏறவில்லை என்று எண்ணத் தோன்றும்.

அந்த நடுக்கம் இயல்பானது. ஆனால் அதையே பாட்டின் பொருளாகக் கொள்வது பாட்டுக்குச் செய்யும் அநீதி. 1971இல் அந்த விளி ஒரு மனிதரின் விதியை முன்னறிவிக்கவில்லை. போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஒரு தலைமுறைத் தந்தையர் அனைவரையும் நோக்கி எழுந்தது அது. அதை ஒரு குடும்பத்தின் கொடுந்துயராகச் சுருக்கிவிட்டால், வீட்டு விளியில் நாட்டைப் பாடிய கலைஞரின் உழைப்பு வீணாகிவிடும். அவர் நாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தார். கேட்பவர் அதை ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. இளம் வயதில் மாண்ட கவிஞர்களின் ஒவ்வொரு வரியிலும் மரணத்தின் நிழலைத் தேடும் வாசகர்களுக்கும் இது பொருந்தும். சாவு ஆசிரியருக்கு நேர்ந்தது. பாட்டுக்கு அது நேரவில்லை.

உறையில் அச்சான படம் ஒன்று மீதமிருக்கிறது. கறுப்புக் கோட்டின் கழுத்தை உயர்த்தியவாறு, தலைமுடியில் மழைத்துளிகள் படிய, மார்வின் கே எங்கோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் கோபமும் இல்லை, புன்னகை என்று உறுதியாகச் சொல்லத்தக்கதும் இல்லை. நனைவதைப் பற்றிய கவலையும் தெரியவில்லை. நடப்பதைக் கண்ணிமைக்காமல் பார்ப்பது, பார்த்ததை நெருங்கிய ஒருவரிடம் தாழ்ந்த குரலில் கேட்பது, விடை தெரியாதபோது தெரிந்ததுபோல நடிக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் இத்தட்டு ஏறத்தாழ 35 நிமிடங்களில் செய்து காட்டியது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின் கவிஞர்கள், நாட்டின் துயரை எழுத அமரும் இரவுகளில், முதல் வரியில் யாரை விளிக்கப் போகிறோம் என்பதை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.